ஐட்லிங் நிற்காத அம்பாசடர்: ஸ்க்ரூவைத் தொடும் முன்னால்

பழைய பெட்ரோல் கார் ஐட்லிங்கில், அதாவது அக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெல்ல ஓடும் நிலையில், நிற்கவில்லை என்றதும் எல்லாருடைய கையும் நேரே காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அரைச் சுற்று ஏற்றினால் ஸ்பீடு கூடும், வண்டி ஆஃப் ஆகாது, பானெட்டை மூடிவிடுவார்கள். ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. இன்னும் அரைச் சுற்று. கடைசியில் சிக்னலில் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே நிற்கும், பெட்ரோலைக் குடிக்கும், கியர் போட்டால் இடிக்கும். உள்ளே இருக்கிற கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

என் கட்சி இதுதான்: கார்புரேட்டர் கடைசி. முதலில் காற்று, அடுத்து கரன்ட், அப்புறம் வால்வு. இந்த மூன்றும் சரி என்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ தானாகத் திரும்பிக்கொள்ளாது. நேற்று வரை நன்றாக நின்ற வண்டி இன்று நிற்கவில்லை என்றால் மாறியது வேறு ஏதோ.

நான் சேலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவன். ஏற்காடு சவாரிதான் எனக்குச் சோறு போட்டது. இன்றைக்கும் வீட்டு வாசலில் ஒரு அம்பாசடர் மார்க் 4 நிற்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர். இப்போது கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று பழைய அம்பாசடரையும் பத்மினியையும் வாங்கிப் போட்டிருக்கிற பையன்கள் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு எச்சரிக்கை. இந்த வேலையில் பெரும்பகுதி இன்ஜின் ஓடும்போது செய்வது. அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு குனியாதீர்கள், வேட்டியை மடித்துக் கட்டுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும்.

எப்போது நிற்கவில்லை?

"அண்ணா, ஐட்லிங் நிக்கவே மாட்டேங்குது."

"எப்போ தம்பி?"

"எப்பவுமேதான்."

எப்பவுமே என்பது பெரும்பாலும் கிடையாது. கூட உட்கார்ந்து ஒரு சுற்று போய் வந்தால் தெரிந்துவிடும். காலையில் மட்டுமா, சூடான பிறகு மட்டுமா, லைட் போட்டால் மட்டுமா, வளைவில் திரும்பும்போது மட்டுமா? பாதிக் கோளாறு இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

லைட் போட்டதும் ஸ்பீடு விழுந்து மிஸ் அடிக்கிறது என்றால் பேட்டரி, டைனமோ, டெர்மினல், எர்த் ஒயர் பக்கம் போங்கள். தீப்பொறிக்கு வேண்டிய கரன்டை உண்டாக்கும் காயிலுக்குப் போதுமான கரன்ட் போகவில்லை. டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் சிவப்பு லைட் மங்கலாக எரிவது சகஜம், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

அக்சிலரேட்டரை விட்டதும் ஸ்பீடு இறங்காமல் உயரத்திலேயே நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்குகிறது என்றால் அக்சிலரேட்டர் லிங்க் ஒட்டுகிறதா, சோக் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குக் கரன்டைப் பிரித்துக் கொடுப்பது) இருக்கும் அட்வான்ஸ் வெயிட், அதாவது வேகம் கூடும்போது தீப்பொறியை முந்தி வரவைக்கும் எடை, ஒட்டியிருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

ஒரே சீராக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுகிறது, பின்னால் கரும்புகை வருகிறது என்றால் பெட்ரோல் அதிகம். சீரில்லாமல், சைலன்சரில் இடையிடையே தெறித்த மாதிரி சத்தம் வந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கோ காற்று நுழைகிறது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஆஃப் ஆகிற வண்டிகள் உண்டு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். எந்தப் பக்கம் என்று கவனித்தாலே போதும். ஃப்ளோட் லெவல் (கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் நிற்கிற மட்டம்) தப்பாக இருந்தால் சாய்வில் பெட்ரோல் வழியும், அல்லது வற்றும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்திருந்தால் திரும்பும்போது இன்ஜின் சாய்ந்து ஏதோ ஒரு ஒயரை இழுக்கும். சமதளத்தில் பானெட்டைத் திறந்து இன்ஜினைக் கையால் ஆட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

காற்று

ஐட்லிங்கில் த்ராட்டில் (அக்சிலரேட்டர் திறக்கிற தகடு) ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கிற இழுப்பு முழுக்க, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வெற்றிடமாக நிற்கும். அந்த நேரத்தில் கார்புரேட்டருக்குக் கீழே எங்காவது சின்னச் சந்து இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்துவிடும். இளநீர் குடிக்கிற குழலில் ஓட்டை விழுந்தால் வாய்க்குக் காற்றுதானே வரும், அதே கணக்கு. வேகமாக ஓடும்போது இந்தக் கூடுதல் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஐட்லிங்கில்தான் அது எடுபடும். அதனால்தான் "ஓடும்போது நல்லா இருக்குங்க, நின்னா ஆஃப்" என்ற புகாருக்கு முதல் சந்தேகம் ஏர் லீக்.

அம்பாசடரில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங்கில், சில நட்டுகளைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் விரிந்து சுருங்கி நட்டு தளரும். முதலில் ஸ்பேனரை எடுத்து அதை ஒரு முறை பாருங்கள். பலமாக இழுக்க வேண்டாம், பழைய ஸ்டட் முறிந்தால் வேறு பஞ்சாயத்து. அப்புறம் கார்புரேட்டர் அடியில் இருக்கும் பேக்கிங், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வேக்கம் பைப்.

கண்டுபிடிக்கும் வழி: செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர். கார்புரேட்டர் கிளீனர் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழே எக்ஸாஸ்ட் பழுத்துக் கிடக்கும்போது எரிகிற திரவத்தை அங்கே அடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடலாம். ஐட்லிங்கில் ஓடவிட்டு, இணைப்பு ஒவ்வொன்றிலும் லேசாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வேண்டாம். எங்கே தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் லீக். ஒரு கணம் தண்ணீர் அந்தச் சந்தை அடைக்கும், அல்லது உள்ளே இழுபடும். சத்தம் நல்லதாகவும் மாறலாம், தடுமாறவும் செய்யலாம். மாறினால் போதும்.

த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்திருப்பது பழைய கார்புரேட்டரின் முக்கியமான நோய். லிங்க்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் முனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வழியாகக் காற்று எடுக்கும். புஷ் போட்டால்தான் தீரும், ஸ்க்ரூவால் தீராது.

வேக்கம் அட்வான்ஸுக்கு, அதாவது மேனிஃபோல்டின் இழுப்பால் தீப்பொறியை முந்தி வரவைக்கும் அமைப்புக்கு, வாய்தான் கருவி. பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே பாயிண்ட் (தீப்பொறிக்காகக் கரன்டைத் தொட்டு விடும் ஸ்விட்ச்) உட்கார்ந்திருக்கும் பிளேட் திரும்ப வேண்டும். நாக்கால் பைப் முனையை அடைத்தால் பிளேட் அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பைப்பைத் துடைத்துவிட்டு உறிஞ்சுங்கள், பெட்ரோல் வாயில் போகப் போகிறது.

கரன்ட்

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ரப்பர் பிடி உள்ள இடுக்கியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போடுங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் ஸ்பீடு விழும், வண்டி குலுங்கும். எதை எடுத்தும் மாற்றமே இல்லையோ அதுதான் தூங்குகிற சிலிண்டர். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் தூங்கினால் ஒயர் மாறியிருக்கலாம் (ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்), டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், அல்லது இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முகத்தைப் பாருங்கள். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. வரக்காப்பிப் பொடி நிறம் நல்லது. ஆனால் வெகுநேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றினால் நல்ல வண்டியிலும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். பிளக் கேப் 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

பாயிண்ட் கேப் இந்த இன்ஜினுக்கு 14 முதல் 16 தவ். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) பின்னுக்குப் போகும், ஐட்லிங் விழும். அதாவது, யாரும் தொடாமலேயே தானாக விழும் ஐட்லிங்குக்கு இது ஒரு காரணம். எனவே கேப்பை வைத்த பிறகுதான் டைமிங், முந்திச் செய்தால் இரட்டை வேலை.

கேப்பை எத்தனை முறை வைத்தாலும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி முன்னும் பின்னுமாக வரும், ஐட்லிங் சீராக நிற்கவே நிற்காது. இந்த வண்டியில் கார்புரேட்டரைப் புதிதாகவே மாட்டினாலும் பலன் இருக்காது.

பாயிண்டின் முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கன்டென்சர். இப்போது கிடைக்கிற புதுக் கன்டென்சர்களில் சில பெட்டியைத் திறக்கும்போதே செத்திருக்கின்றன. நன்றாக வேலை செய்கிற பழையதைத் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். சூடேறியதும் மிஸ் அடித்து, ஆறினதும் சரியாகிற வண்டிக்கு அந்தப் பழையதை மாட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, பலர் தேடாத இடம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்கு வருகிற சின்ன ஒயர், வேக்கம் பிளேட் ஆடும்போதெல்லாம் மடங்கி நிமிரும். நாளடைவில் மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்துவிடும். தொட்டால் தொடுகிறது, ஆட்டினால் விடுகிறது. கையில் பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டுகொடுக்கும். செம்பு இருக்கிற ஒயர் நீளாது.

வால்வு

சைலன்சர் வாயில் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். காலண்டர் தாள் போதும். நல்ல இன்ஜின் அதை ஒரே சீராக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அவ்வப்போது படபடத்தால் ஒரு சிலிண்டர் மிஸ். இடையிடையே காகிதத்தை உள்ளே உறிஞ்சினால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று வலுவான சந்தேகம்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. இந்தப் பழைய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு நேரே ஹெட்டின் வார்ப்பிரும்பில்தான் உட்காரும். ஈயம்தான் அதற்கு மெத்தையாக இருந்தது. அது போனபின் மலை ஏறி ஏறி இறங்குகிற வண்டியில் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிவிடும், வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் இருக்கிற டாப்பெட் கேப் குறைந்துவிடும். கேப் குறைவதால் சத்தம் வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. டாப்பெட் தட்டுகிற வண்டியைப் பார்த்துப் பயப்படுகிறோம், சத்தமே போடாத வண்டிதான் வால்வை எரிக்கும். சூடானதும் ஐட்லிங் கெடுகிற பழைய அம்பாசடரில் நான் டாப்பெட்டைப் பார்க்காமல் விடுவதில்லை.

கேப் 15 தவ். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறு திறந்தால் மூன்று, ஐந்து திறந்தால் நான்கு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஸ்டாண்டில் எழுதப் படிக்கத் தெரியாத டிரைவரும் இதை மனப்பாடமாக வைத்திருப்பார்.

வேக்கம் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. மேனிஃபோல்டில் மாட்டினால், கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் அசையாமல் குறைவாக நின்றால் ஏர் லீக் அல்லது டைமிங் பின்னால். தாளம் தப்பாமல் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு. மெல்ல அலைந்தால் மிக்ஸர், அதாவது காற்று-பெட்ரோல் கலவை.

மலை ஒரு சோதனை

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, சென்னைக்காரர்களுக்கு இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார். ஏற்காடு 1,500 மீட்டர் சுமார். முப்பது கிலோமீட்டருக்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்தாலும் அது ஊற்றுகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. எனவே மேலே போகப் போக எல்லா வண்டிக்கும் பெட்ரோல் பங்கு கூடும்.

இதை வைத்தே பாதி ஜாதகம் எழுதிவிடலாம். கீழே தடுமாறுகிற வண்டி ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தினால் அழகாக நிற்கிறதா? அதற்குப் பெட்ரோல் பற்றாக்குறை அல்லது ஏர் லீக். கீழே சுமாராக நின்று, மேலே போனதும் கரும்புகை விட்டுக்கொண்டு ஆஃப் ஆகிறதா? அது கீழேயே பெட்ரோல் அதிகமாக ஓடிய வண்டி. மேலும் கீழும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் பெரும்பாலும் கரன்ட் அல்லது வால்வு, கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம். மேலே குளிர் என்பதால் சூட்டுக் கோளாறும் அங்கே மறைந்துவிடும். அதைப் பிரித்துப் பார்க்க, சேலத்திலேயே விடியற்காலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

வேக்கம் கேஜ் வைத்திருப்பவர்கள் மேலே பார்த்துப் பதற வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும். சேலத்தில் 18 காட்டிய வண்டி ஏற்காட்டில் 14 காட்டினால் இன்ஜின் கெட்டுப்போகவில்லை.

மேலேயே குடியிருந்து எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றால் அங்கேயே மிக்ஸர் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் ஓடுகிற வண்டியை ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்தி ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். மேலே சரியாக வைத்தது கீழே வந்ததும் பற்றாக்குறையாகிவிடும். மே மாத வெயிலில் பற்றாக்குறையோடு ஓடுகிற இன்ஜின் சூடேறும்.

இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வேறு. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய அளவில் வைத்த கார்புரேட்டருக்கு அது பெட்ரோல் குறைந்த கணக்குத்தான். "முன்னாடி நல்லா நின்ன வண்டி இப்ப கீழே மட்டும் சிணுங்குது, மலையில பரவாயில்ல" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி இளகும், அந்தத் துகள் போய் ஜெட்டில் (பெட்ரோல் வருகிற சின்னத் துளை) அடைக்கும். தண்ணீரையும் அது இழுக்கும். பனி மூடுகிற ஊரில் டேங்கைப் பாதி காலியாக வைத்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

இப்போது கார்புரேட்டர்

எஸ்.யூ.வில் ஐட்லிங்குக்குத் தனி ஜெட் கிடையாது. ஒரே ஜெட், ஒரே ஊசி, எல்லா வேகத்துக்கும் அதுதான். இது ஒரு பெரிய வசதி. ஓடும்போது நன்றாக இழுக்கிற எஸ்.யூ. வண்டி ஐட்லிங்கில் மட்டும் கெட்டிருந்தால் ஜெட் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டியதே இல்லை, மேலே சொன்ன காற்றுப் பகுதிக்குத் திரும்புங்கள்.

சோக் கைப்பிடியை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் ஜெட் மேலே வந்து நட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். கேபிள் ஒட்டி ஜெட் பாதியில் நின்றால் எப்போதும் சோக் போட்டபடி ஓடுகிற வண்டிதான்.

அடுத்து கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன். ஏர் ஃபில்டரைக் கழற்றி, வாய்க்குள் விரலை விட்டு பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி, அடியில் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். சத்தம் இல்லாமல் மெத்தென்று உட்கார்ந்தால் ஜெட்டைக் கீழே இறக்கி வைத்து மறுபடி செய்யுங்கள். இறக்கினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால் ஊசி ஜெட்டின் ஓரத்தில் உரசுகிறது, சென்டர் பண்ண வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் டேஷ்பாட்டுக்குள் (அந்தப் பிஸ்டனின் மேல் மூடி) அழுக்கு. மூடியைக் கழற்றும் முன் கார்புரேட்டர் உடம்பிலும் மூடியிலும் ஒரே கோடாக அடையாளம் போடுங்கள். பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கலாம், எமரி பேப்பர் படவே கூடாது. நடுத் தண்டுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும், பிஸ்டன் பக்கவாட்டில் எண்ணெய் பூச வேண்டாம். டேஷ்பாட்டும் பிஸ்டனும் ஜோடியாகச் செதுக்கப்பட்டவை, வேறு வண்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து மாட்ட முடியாது.

இனிதான் மிக்ஸர். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கட்டும். கார்புரேட்டர் பக்கத்தில் பிஸ்டனைத் தூக்குகிற சின்னப் பின் ஒன்று இருக்கும். அதைக் கீழிருந்து மெல்லத் தள்ளுங்கள். முதலில் கொஞ்சம் வெறுமனே நகரும், பிறகு பிஸ்டனைத் தொடுவது விரலில் தெரியும். அங்கிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். ஸ்பீடு கூடி, கூடினபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி ஆஃப் ஆகப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி, பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. காதைத் தவிர வேறு கருவி வேண்டாம்.

சரிசெய்வது அடியில் இருக்கும் ஆறு பட்டை நட்டில். கீழ்ப்பக்கம் இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான், பிறகு மறுபடி பின்னைத் தூக்கிப் பார்க்க வேண்டும். யாரோ கன்னாபின்னாவென்று திருகிவைத்த வண்டி என்றால் ஜெட்டைப் பாலத்தின் (பிஸ்டன் அடியில் வந்து உட்காரும் மேடு) மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை இறக்கி ஆரம்பியுங்கள். எத்தனால் பெட்ரோலுக்கு அதற்கு மேலும் ஓரிரு பட்டை கேட்கலாம்.

கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ பைப்பில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலில் தூசி. ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் ஃப்ளோட் மூடியில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். நின்றால் நல்லது. நிற்காவிட்டால் வண்டியை உடனே ஆஃப் செய்து திறந்து பாருங்கள், கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது.

பத்மினி மாதிரி சோலெக்ஸ் கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு: உங்களுக்கு ஐட்லிங்குக்கென்று தனி ஸ்லோ ஜெட் உண்டு, அதுதான் உங்கள் தலைவலி. அக்சிலரேட்டர் மேல் கால் இருக்கும்வரை ஜோராக ஓடி, காலை எடுத்ததும் செத்துப்போனால் முதலில் அதைக் கழற்றி ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிசாகிவிடும். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் ஒரு நைலான் இழை போதும். மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே உட்கார வைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். எந்தப் பக்கம் திருகினாலும் வண்டி அசையவே இல்லை என்றால் ஸ்லோ வழி அடைத்திருக்கிறது, அல்லது யாரோ ஸ்பீடு ஸ்க்ரூவை அதிகமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் மாருதி 800-ல் ஸ்லோவை அடைக்கிற சோலனாய்டு ஒன்று உண்டு. சாவியைப் போடும்போது அதிலிருந்து 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் ஒயரைப் பாருங்கள்.

வெயிலில் மலை ஏறி நின்றதும் ஆஃப் ஆனால்

ஏப்ரல், மே மாதம், கோடை விழாக் கூட்டம். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறி, நடுவில் வரிசையில் நின்றதும் வண்டி தடுமாறி அணையும். திரும்ப ஸ்டார்ட் ஆகாது. இதற்கு எந்த ஸ்க்ரூவும் காரணம் இல்லை. எக்ஸாஸ்டின் சூட்டில் ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் கொதித்து வழிந்துவிடுகிறது, அல்லது பைப்பில் ஆவியாகிப் பம்ப் வெறும் காற்றைத் தள்ளுகிறது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருந்திருக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் யாரோ கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். அதைப் போடுங்கள், கார்புரேட்டர் அடியில் இருக்கிற சூடு தடுக்கும் கட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள், பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, பம்ப் மேல் ஈரத் துணி போட்டு, அக்சிலரேட்டரை அடிக்காமல் மெல்ல முழுக்க அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இறங்கும்போது ஐட்லிங் நிற்காத வண்டியை நியூட்ரலில் உருட்டவே கூடாது. இன்ஜின் அணைந்தால் பூஸ்டர் வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வேலையாக, ஸ்பீடு ஸ்க்ரூ. இன்ஜின் சூடு, சோக் உள்ளே, ஏர் ஃபில்டர் மாட்டியபடி. ஹெட்லைட்டைப் போட்டு, ஆஃப் ஆகாமல் நிற்கிற அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். 700 ஆர்பிஎம் சுமார். மீட்டர் இல்லாதவர்கள் கியர் லீவரின் குமிழைப் பாருங்கள், அது நடுங்குவது அடங்குகிற இடத்தில் விட்டுவிடலாம்.